ஊருக்குப் போய்விட்டு பாங்காக் திரும்புவது எப்படி: ரீ-என்ட்ரி, சி.ஓ.இ., இன்ஷூரன்ஸ் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்கு பைபாஸ் என்று டிசம்பரில் மதுரை போனேன். திரும்பி வந்து, கோவிட் தனிமைக்காகப் பதினைந்து இரவு ஹோட்டல் அறையில் கழித்து, போன வாரம்தான் வெளியே வந்தேன். வந்த நாளிலிருந்து போனில் ஒரே கேள்விகள், அதுவும் பத்துப் பேர் கேட்பது ஒரே கேள்வி. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். இது கோவிட் கட்டுப்பாடுகள் இருந்த 2021 பிப்ரவரி கடைசி வார நிலவரம், கீழே இப்போது என்று சொல்வதெல்லாம் அந்த வாரம்தான். விதிகள் மாற மாற கீழே சேர்க்கிறேன், பழையதை அழிக்க மாட்டேன். தாய்லாந்தில் வேலை செய்யும் இந்திய பாஸ்போர்ட்காரர்களை மனதில் வைத்து எழுதியது.

விசாவும் வொர்க் பெர்மிட்டும் கையில் இருக்கிறது. அப்புறம் எதற்கு சி.ஓ.இ.?

விசா உங்களைத் தாய்லாந்தில் இருக்க விடுகிறது. சி.ஓ.இ. உங்களை விமானத்தில் ஏற விடுகிறது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் தாய்லாந்து பயணிகள் விமானங்களை நிறுத்தியது, ஜூலை 1 முதல் குறிப்பிட்ட சில பிரிவினரை மட்டும் திரும்ப அனுமதித்தது. நீங்கள் அந்தப் பிரிவில் வருகிறீர்கள், இன்ன தேதி இன்ன விமானத்தில் வருகிறீர்கள், இன்ன ஹோட்டலில் தனிமையில் இருப்பீர்கள் என்பதைத் தூதரகம் பார்த்து ஒப்புக்கொண்டதற்கான நுழைவுச் சான்றிதழ்தான் சி.ஓ.இ. அது இல்லாமல் செக்-இன் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், பாங்காக் வரை வந்து வாதாடும் வாய்ப்பே கிடையாது.

வொர்க் பெர்மிட் வைத்திருப்பவர்கள், அவர்களுடைய மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், தாய்லாந்துக் குடிமக்களைத் திருமணம் செய்தவர்கள், மாணவர்கள் எல்லாரும் பட்டியலில் உண்டு.

ஊருக்குக் கிளம்பும் முன் பாங்காக்கில் முடிக்க வேண்டியது என்ன?

ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது அதே விசாவில் திரும்ப உள்ளே வர முன்கூட்டியே வாங்கும் அனுமதி. இதைக் கொட்டை எழுத்தில் எழுதத் தோன்றுகிறது. உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும் ஒரு வருட விசா நீட்டிப்பு, ரீ-என்ட்ரி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறிய கணமே செத்துப்போகும். டி.எம்.8 படிவம், ஒரு போட்டோ, பாஸ்போர்ட் நகல், ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். சேங் வத்தனா குடிவரவு அலுவலகத்தில் வாங்கலாம். பி.ஓ.ஐ. (முதலீட்டு வாரியம்) சலுகை பெற்ற நிறுவனக்காரர்கள் சாம்சுரி ஸ்கொயரில் இருக்கும் ஒன் ஸ்டாப் சென்டருக்குப் போகலாம். விமான நிலையத்திலும் ஒரு கவுன்டர் உண்டு என்பார்கள், உண்மைதான், ஆனால் இந்தக் காலத்தில் அதை நம்பி ராத்திரி ஃப்ளைட்டுக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: ரீ-என்ட்ரியின் ஆயுள் உங்கள் நீட்டிப்பின் ஆயுள்தான். நீட்டிப்பு ஏப்ரல் 10-இல் முடிகிறது என்றால் ரீ-என்ட்ரியும் ஏப்ரல் 10-இல் முடியும். ஒரு மாதத்தில் வந்துவிடலாம் என்று போனவர்கள் ஐந்து மாதம் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். நீட்டிப்பு முடிய இரண்டு மூன்று மாதம்தான் பாக்கி என்றால், முடிந்தால் புதுப்பித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வொர்க் பெர்மிட் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும், நிறுவனத்தின் கடிதத்தையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அசல் புத்தகம் ஆபீஸ் அலமாரியில் பூட்டியிருக்க, மனிதவளப் பிரிவு வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருக்க, நகலுக்காக நான் ஒன்பது நாள் காத்திருந்தேன்.

ஊரில் இருக்கும்போதே ரீ-என்ட்ரி முடிந்துவிட்டது. நீட்டிக்க முடியுமா?

வெளிநாட்டிலிருந்து நீட்டிக்க வழியில்லை. போன வருடம் தாய்லாந்து அரசு விசா சலுகை கொடுத்தது, செப்டம்பர் வரை இழுத்தது, ஆனால் அது தாய்லாந்துக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு. வெளியே இருந்தவர்களுக்கு இல்லை. இனி புதிதாக வேலைக்கான விசாதான், நான்-பி (Non-B) என்பார்கள். அதற்கு உங்கள் நிறுவனம் தொழிலாளர் துறையில் விண்ணப்பித்து டபிள்யூ.பி.3 என்ற ஒப்புதல் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும், அதை வைத்துத் தூதரகத்தில் விசா, அதோடு சி.ஓ.இ. கூடுதலாக ஒரு மாதம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். மனைவி மக்களின் நான்-ஓ விசா உங்கள் விசாவில் தொங்குவதால் அவர்களுக்கும் இதே கதை.

சி.ஓ.இ. விண்ணப்பத்தில் எது முதலில், எது அப்புறம்?

இப்போது எல்லாம் தாய்லாந்து வெளியுறவு அமைச்சின் இணையதளத்தில்தான். இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் பாஸ்போர்ட், ரீ-என்ட்ரி முத்திரை உள்ள பக்கம், வொர்க் பெர்மிட், இன்ஷூரன்ஸ் சான்றிதழ். பதிவானதும் ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதைத் தொலைத்தால் விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்க முடியாது, போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று வேலை நாளில் முன்-ஒப்புதல் வரும் என்கிறார்கள். எனக்கு நான்காவது நாள் வந்தது.

முன்-ஒப்புதல் வந்த பிறகு 15 நாட்களுக்குள் டிக்கெட்டையும், பணம் கட்டிய ஏ.எஸ்.க்யூ. (தனிமைக்காக அரசு அங்கீகரித்த) ஹோட்டல் உறுதிச்சீட்டையும் ஏற்ற வேண்டும். அதன் பிறகு சி.ஓ.இ.

இதில் கவனியுங்கள், இன்ஷூரன்ஸ் முதல் கட்டத்திலேயே வேண்டும், டிக்கெட் இரண்டாவது கட்டத்தில். அதாவது எந்தத் தேதியில் போவோம் என்று தெரியாமலே இன்ஷூரன்ஸ் வாங்கவேண்டிய நிலை. அதனால் தொடக்கத் தேதியைப் பிறகு மாற்றித் தருவார்களா, சி.ஓ.இ. கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்ற இரண்டையும் வாங்கும் முன் எழுத்தில் கேட்டுவிடுங்கள். டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு அவசரப்படுபவர்கள்தான் அதிகம் பணம் இழக்கிறார்கள்.

தென்னிந்தியாவில் இருப்பவர்களுக்கு சென்னையில் தாய்லாந்து துணைத் தூதரகம் இருக்கிறது. விண்ணப்பத்தில் எந்த அலுவலகம் என்று தேர்வு செய்யும்போது நீங்கள் இப்போது இருக்கும் ஊருக்குப் பொறுப்பான அலுவலகத்தைத் தேர்வு செய்யுங்கள். டெல்லியிலிருந்துதான் விமானம் என்பதற்காக டெல்லியைத் தேர்வு செய்து, அங்கிருந்து சென்னைக்கு மாற்றச் சொல்லி, நான்கு நாள் வீணாக்கிய ஒருவரைத் தெரியும்.

இன்ஷூரன்ஸில் தூதரகம் எதைப் பார்க்கிறது?

கோவிட்-19 சிகிச்சைக்குக் குறைந்தது ஒரு லட்சம் அமெரிக்க டாலர். 2021 பிப்ரவரி மதிப்பில் சுமார் 30 லட்சம் பாட், எழுபது லட்சம் ரூபாய்க்கு மேல். இதைச் சொல்லும் சான்றிதழில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் பெயர், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, தாய்லாந்தில் செல்லும் என்ற குறிப்பு, தொகை, அப்புறம் கோவிட்-19 என்ற வார்த்தை ஆகிய எல்லாம் இருக்க வேண்டும். எல்லா நோய்களும் அடங்கும் என்று பாலிசியில் இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை, அந்த வார்த்தையைத்தான் தேடுகிறார்கள். என் முதல் சான்றிதழில் தொகை இருந்தது, நாடு இருந்தது, கோவிட் என்ற சொல் மட்டும் 14-ஆம் பக்கத்து விளக்கத்தில் இருந்தது. திருப்பி அனுப்பினார்கள். கம்பெனியிடம் கேட்டு ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி வாங்கிய பிறகு போனது.

காலம்? நீங்கள் தங்கும் காலம் முழுக்க என்பது விதி. நீட்டிப்பு முடியும் தேதி வரை எடுத்துவிட்டால் கேள்வி வராது. ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்துப் போய்ப் பார்ப்போம் என்பது சூதாட்டம், சிலருக்கு நடந்திருக்கிறது, சிலரைத் திருப்பிவிட்டார்கள்.

ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டியும் பிடிக்கிறார்கள். போதாதா?

குரூப் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் தொகையில் அடிபடும். ஒரு நோய்க்கு இவ்வளவு, அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பிரித்து வைத்திருப்பார்கள், கூட்டிப் பார்த்தால் 30 லட்சம் பாட் பக்கம் வராது. பெரிய பன்னாட்டு நிறுவனத்தில் இருந்தால் வரலாம், அப்போது இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்தே மேலே சொன்ன விவரங்களுடன் கடிதம் வாங்குங்கள்.

விதியின் வாசகத்தில் இன்ஷூரன்ஸ் அல்லது வேறு உத்தரவாதம் என்று இருப்பதால், கோவிட் செலவு ஒரு லட்சம் டாலர் வரை நாங்கள் ஏற்போம் என்று முதலாளி எழுதித் தரும் கடிதத்தையும் சில இடங்களில் ஏற்கிறார்கள். எந்த இடம் ஏற்கும் என்பதை அந்தந்தத் தூதரகத்திடம்தான் கேட்க வேண்டும். அதோடு, அப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட உங்கள் முதலாளிக்கு மனசு வர வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையை மட்டும் நம்பி விண்ணப்பிக்காதீர்கள்.

கொரோனா வந்தால் ரொக்கமாக ஐம்பதாயிரம், ஒரு லட்சம் பாட் தருகிறோம் என்று தாய்லாந்தில் சில நூறு பாட்டுக்கு விற்கிறார்களே, ஆபீஸில் பாதிப் பேர் வாங்கி வைத்திருக்கிறார்களே, அது வேறு. அது சிகிச்சைச் செலவுக்கான பாலிசி அல்ல, சி.ஓ.இ. கணக்கில் வராது.

இந்தியாவில் டிராவல் இன்ஷூரன்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே?

கிடைக்கிறது. ஒரு லட்சம் டாலர், இரண்டரை லட்சம் டாலர் என்று அழகாகவே எழுதியிருக்கும், தூதரகமும் ஏற்கலாம். பிரச்சினை கிளெய்ம் செய்யும் நாளில். அந்தப் பாலிசிகள் இந்தியாவில் வசிப்பவர் வெளிநாடு போய்த் திரும்பும் பயணத்துக்கானவை. வேலைக்காக வெளிநாட்டில் வசிக்கும் நீங்கள் அந்த வரையறைக்குள் வருகிறீர்களா? பயண நாட்களுக்கு 180 போன்ற உச்சவரம்பு உண்டு, அறுபது வயதுக்கு மேல் தொகைக்குள்ளே உள்வரம்புகள் உண்டு. பெருந்தொற்றுக்குப் பொறுப்பில்லை என்ற பழைய வாக்கியத்தை இன்னும் எடுக்காத பாலிசிகளும் இருக்கின்றன. ஊரில் உங்களுக்கு இருக்கும் மெடிக்ளெய்ம் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது பொதுவாக இந்திய எல்லையோடு சரி.

தாய்லாந்துப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம், இந்த ஒரு லட்சம் டாலர் விதிக்காகவே அதன் உறுப்பினர் நிறுவனங்களின் பாலிசிகளை ஒரே இணையப் பக்கத்தில் விற்கிறது. கொஞ்சம் விலை கூடுதல். நான் அங்கேதான் வாங்கினேன். காரணம் எளிது: ஆஸ்பத்திரியும் பாங்காக்கில், கம்பெனியும் பாங்காக்கில், சண்டை போடுவதென்றாலும் ஒரே ஊரில் போடலாம்.

பாசிட்டிவ், ஆனால் அறிகுறியே இல்லை. அப்போதும் இன்ஷூரன்ஸ் கொடுக்குமா?

இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும், கிட்டத்தட்ட யாரும் கேட்பதில்லை. என்னையும் சேர்த்து. முதல் சான்றிதழைத் தூதரகம் திருப்பி அனுப்பி, கம்பெனியிடம் புதிதாக எழுதி வாங்கும்போது, ஏற்கெனவே இந்த விஷயத்தில் அடிபட்ட ஒரு நண்பர் சொல்லித்தான் கேட்டேன்.

நடப்பது இது. தனிமை ஹோட்டலில் உங்களுக்குக் குறைந்தது இரண்டு முறை பரிசோதனை. ஒன்றில் பாசிட்டிவ் வந்தால், தும்மல்கூட இல்லாமல் நீங்கள் நன்றாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், ஹோட்டலோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் தனியார் மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோவார்கள். தாய்லாந்து விதிப்படி அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிதான், கிட்டத்தட்ட இரண்டு வாரம். பில் லட்சக்கணக்கான பாட்டில் வரும். ஹோட்டலுக்குக் கட்டிய பணத்தில் இது சேராது.

இப்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி பாலிசியைப் புரட்டும். மருத்துவரீதியாக அவசியமான சிகிச்சைக்கு மட்டும் என்று ஒரு வரி இருக்கும். உங்களுக்கு என்ன சிகிச்சை கொடுத்தார்கள்? காய்ச்சல் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள். இது சிகிச்சை இல்லை, அரசு உத்தரவின்படி தனிமைப்படுத்தல், தனிமைப்படுத்தல் செலவு எங்கள் பொறுப்பில்லை என்று கடிதம் வரும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை, அரசு ஒரு காரணத்துக்காகப் படுக்க வைக்கிறது, பாலிசி வேறொரு காரணத்துக்குத்தான் பணம் தருகிறது, நடுவில் நீங்கள் படுத்திருக்கிறீர்கள்.

அதனால் வாங்கும் முன் மின்னஞ்சலில் ஒரே கேள்வி கேளுங்கள்: எனக்குப் பாசிட்டிவ் வந்து, அறிகுறி எதுவும் இல்லாமல், தாய்லாந்து அரசு விதிப்படி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அறை வாடகை உட்பட முழுச் செலவையும் ஏற்பீர்களா? ஆம் என்ற பதில் எழுத்தில் வர வேண்டும். போனில் விற்பனைப் பெண் இனிமையாகச் சொன்னது செல்லாது. ஏஜென்ட் வாட்ஸாப்பில் கட்டைவிரல் போட்டதும் செல்லாது. தூதரக அதிகாரி உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தைத்தான் பார்க்கிறார், ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டரில் கடைசிப் பக்கம் வரை பார்ப்பார்கள்.

கூடவே கேட்க வேண்டியது, மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுவார்களா, அல்லது நீங்கள் கட்டிவிட்டுப் பின்னால் வாங்க வேண்டுமா என்பது. பின்னது என்றால் கிரெடிட் கார்டின் வரம்பை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சுகர், பிரஷர் இருக்கிறது. சொல்லணுமா?

சொல்லுங்கள். பிரீமியம் கூடும் என்று மறைத்தால், நாளைக்கு கோவிட் மோசமாகி ஐ.சி.யூ.வில் இருக்கும்போது மாத்திரைச் சீட்டைப் பார்த்துக் கையை விரிப்பார்கள். கர்ப்பிணிகள் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பிரசவம் தொடர்பான எதையும் இந்தப் பாலிசிகள் பொதுவாகத் தொடுவதில்லை.

என் பெயரில் இனிஷியல் மட்டும்தான். குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன போடுவது?

நம் ஆட்களுக்கென்றே உள்ள தலைவலி. பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், இன்னொருவருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். டிக்கெட் போடும் தளம் காலியாக விட்டால் நகராது, பெயரையே இரண்டு முறை போடச் சொல்லும். பரிசோதனைக்கூடத்தில் ஆதார் அட்டையைப் பார்த்து இனிஷியலோடு எழுதிவிடுவார்கள். இன்ஷூரன்ஸில் திருவாளர் சேர்ந்து வரும். கடைசியில் ஐந்து காகிதத்தில் ஐந்து பேர் பயணம் போவார்கள்.

பாஸ்போர்ட்டில் என்ன எழுத்தில், என்ன வரிசையில் இருக்கிறதோ அதுதான் எல்லாவற்றிலும். பரிசோதனைக்கூடத்தில் மாதிரி எடுக்கும் முன்பே பாஸ்போர்ட்டைக் காட்டி, பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றும் அறிக்கையில் வர வேண்டும் என்று சொல்லி, அவர்கள் கணினியில் அடிப்பதை நின்று பாருங்கள். டிக்கெட்டில் பெயர் இரண்டு முறை வருவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம், விமான நிறுவனங்களுக்கு அது பழக்கம்தான். ஆனால் சி.ஓ.இ. விண்ணப்பத்தில் அப்படிப் போடாதீர்கள்.

டிக்கெட் எங்கே கிடைக்கும்?

இந்தியா 2020 மார்ச் 23 முதல் வழக்கமான சர்வதேச விமானங்களை நிறுத்தி வைத்திருக்கிறது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்காக அரசு விடும் வந்தே பாரத் விமானங்கள், ஏர் பபிள் (இரு நாடுகள் தங்களுக்குள் மட்டும் விமானம் விடும்) ஒப்பந்த நாடுகள், தனி அனுமதி பெற்ற விமானங்கள், அவ்வளவுதான். பபிள் பட்டியலில் தாய்லாந்து இல்லை. அதனால் தூதரகம் அறிவிக்கும் சிறப்பு விமானங்களைப் பாருங்கள், நான் டெல்லியிலிருந்து அப்படி ஒன்றில்தான் வந்தேன். வேறு நாட்டின் வழியாக டிக்கெட் காட்டும் இணையதளங்களில் உடனே பணம் கட்டாதீர்கள். அந்த பபிள் ஒப்பந்தம் அந்த நாட்டோடு முடிகிறதா, மூன்றாம் நாட்டுக்குப் போகிறவர்களை ஏற்றுமா என்பது நாட்டுக்கு நாடு வேறு.

விமானம் ரத்தானாலோ தேதி மாறினாலோ சி.ஓ.இ.யும் மாற வேண்டும், அது குறிப்பிட்ட விமானத்துக்கானது. தூதரகத்துக்கு உடனே எழுதுங்கள், ஹோட்டலுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் அதே நாள்.

புறப்படும் முன் 72 மணி நேரத்துக்குள் எடுத்த கோவிட் நெகட்டிவ் அறிக்கை வேண்டுமாமே, அந்த 72 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது?

விமானம் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி. மதுரைக்காரருக்கு இது கயிற்றில் நடப்பது மாதிரி. உள்நாட்டு விமானம், டெல்லியில் ஓர் இரவு, அப்புறம் பாங்காக் விமானம். நான் புறப்பட 60 மணி நேரம் இருக்கும்போது மாதிரி கொடுத்தேன், 24 மணி நேரத்தில் அறிக்கை வந்தது, ஒரு நாள் தாமதமானாலும் தாங்கும் என்று கணக்கு. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாள் குறுக்கே வருகிறதா என்று பாருங்கள், பொங்கலுக்கு முந்தின நாள் மாதிரி கொடுத்துவிட்டுத் தவித்தவர்கள் உண்டு. ஆர்.டி.பி.சி.ஆர். என்று அறிக்கையில் இருக்க வேண்டும், விரைவு ஆன்டிஜென் சோதனை செல்லாது.

பறக்கத் தகுதியானவர் என்ற மருத்துவச் சான்றிதழும் வேண்டும். தெரு முனை டாக்டரே தரலாம், ஆங்கிலத்தில், பதிவு எண்ணும் முத்திரையும் போட்டு. அப்புறம் டி.8 என்ற உடல்நிலைப் படிவம். எல்லாவற்றையும் இரண்டு பிரதி அச்செடுத்து வையுங்கள், போனில் காட்டுகிறேன் என்றால் விமான நிலையத்தில் முகக்கவசம் கண்ணாடிக் கவசம் எல்லாம் போட்டு நிற்கும் பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கப் பொறுமை இருக்காது.

சமீபத்தில் கோவிட் வந்து குணமானவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குணமாகி வாரக்கணக்கில் ஆன பிறகும் சோதனையில் பாசிட்டிவ் காட்டலாம். டிக்கெட் வாங்கும் முன் ஒருமுறை சொந்தச் செலவில் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

ஏ.எஸ்.க்யூ. ஹோட்டல் எப்படி? எவ்வளவு?

பதினைந்து இரவு, மூன்று வேளைச் சாப்பாடு, பரிசோதனை, விமான நிலையத்திலிருந்து வண்டி எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் பாட்டை ஒட்டி ஆரம்பித்து மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகும். நான் கட்டியது 38,000. பணத்தைவிட ஜன்னலைப் பாருங்கள். திறக்கும் ஜன்னலோ பால்கனியோ உள்ள அறைக்காக இரண்டாயிரம் கூடக் கொடுப்பது தவறில்லை. முதல் சோதனை நெகட்டிவ் வரும் வரை அறைக் கதவைத் தாண்ட முடியாது. அப்புறம் சில ஹோட்டல்களில் மொட்டைமாடியிலோ நீச்சல்குளம் பக்கமோ கொஞ்ச நேரம் நடக்க விடுவார்கள்.

சைவக்காரர்கள் முன்பதிவின்போதே எழுதுங்கள். தாய்லாந்து மொழியில் சைவத்துக்கு மங்சவிரத் என்பார்கள், நம் மாம்சமும் விரதமும் சேர்ந்த மாதிரி காதில் விழும். ஜே என்று கேட்டால் வெங்காயம் பூண்டுகூட இருக்காது, பதினைந்து நாள் தாங்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். சுகும்வித் பக்கம் சில ஹோட்டல்களில் இந்தியச் சாப்பாடு கிடைக்கிறது. ஊறுகாய் பாட்டில் எடுத்து வாருங்கள், பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வேண்டாம்.

மனைவி, குழந்தைகளோடு வருகிறேன்.

ஆளுக்கு ஒரு சி.ஓ.இ., ஆளுக்கு ஒரு இன்ஷூரன்ஸ், ஆளுக்கு ஒரு பரிசோதனை அறிக்கை, கைக்குழந்தைக்கும். திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் ஆங்கிலத்தில் வேண்டும், தமிழில் மட்டும் உள்ள பழைய சான்றிதழ் என்றால் மொழிபெயர்ப்புக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். குடும்பமாக ஒரே அறை அல்லது இணைப்பு அறை கேட்கலாம். குழந்தைக்கு மட்டும் பாசிட்டிவ் வந்தால் கூட யார் போவது, அந்தக் கூடப் போகிறவரின் செலவை யார் ஏற்பது என்பதையும் இன்ஷூரன்ஸ்காரரிடம் கேட்டு வையுங்கள். கேட்கவே கூசும் கேள்விதான்.

ஊரில் ஒரு சாவு. இப்போதே கிளம்ப வேண்டும். என்ன செய்வது?

பிப்ரவரி 22 முதல் இந்தியாவுக்கு வரும் எல்லாருக்கும் நெகட்டிவ் அறிக்கை கட்டாயம், இந்திய அரசின் ஏர் சுவிதா என்ற இணையதளத்தில் ஏற்ற வேண்டும். குடும்பத்தில் மரணம் என்றால் மட்டும் அறிக்கை இல்லாமல் வர விலக்கு உண்டு, அதற்கும் அந்தத் தளத்திலேயே முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும், இறங்கியதும் சோதிப்பார்கள். எவ்வளவு அவசரமானாலும் ரீ-என்ட்ரி மட்டும் போட்டுவிட்டுப் போங்கள். காரியம் முடித்துவிட்டு வேலையையும் இழந்து நிற்க வேண்டாம்.

ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாமா?

படிவம் நிரப்பக் கூச்சப்படுபவர்கள் வைத்துக்கொள்ளட்டும். சி.ஓ.இ.யை வாங்கித் தருவதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அதற்குக் கட்டணமே கிடையாது, முடிவு செய்வது தூதரகம்.

நான் இலங்கைப் பாஸ்போர்ட். இது எனக்கும் பொருந்துமா?

தாய்லாந்துப் பக்கத்து விதிகள் எல்லாம் ஒன்றுதான், ரீ-என்ட்ரி, ஒரு லட்சம் டாலர், ஏ.எஸ்.க்யூ. எல்லாமே. நீங்கள் விண்ணப்பிப்பது கொழும்பிலுள்ள தாய்லாந்துத் தூதரகத்தில். விமானம், ஏர் சுவிதா பற்றி நான் எழுதியவை உங்களுக்கு இல்லை.

2021 மே மாதம் சேர்த்தது

ஏப்ரலில் தனிமை நாட்களைப் பத்தாகக் குறைத்தார்கள், தடுப்பூசி போட்டவர்களுக்கு ஏழு. ஒரு மாதம்தான் நிலைத்தது, மே 1 முதல் மறுபடி எல்லாருக்கும் பதினான்கு நாள், அதாவது பழைய பதினைந்து இரவு. அதைவிடப் பெரிய அடி, இந்தியாவிலிருந்து வரும், தாய்லாந்துக் குடிமக்கள் அல்லாதவர்களுக்குக் கொடுத்திருந்த சி.ஓ.இ.க்கள் மே 1 முதல் ரத்து. கையில் சி.ஓ.இ. வைத்திருந்தவர்களுக்கும்தான்.

பணம் கட்டியவர்கள் இந்த வரிசையில் எழுதுங்கள். முதலில் இன்ஷூரன்ஸ், பாலிசி தொடங்கும் தேதிக்கு முன்னால் எழுதினால்தான் பேச்சுவார்த்தைக்கே இடம், தொடங்கிவிட்டால் அவ்வளவுதான். அப்புறம் ஹோட்டல், பணம் திரும்பத் தராவிட்டாலும் தேதியை மாற்றித் தருவார்கள். டிக்கெட் கடைசி. தூதரகத்தின் ரத்து அறிவிப்பை மூன்றிலும் இணையுங்கள். நீட்டிப்பு இந்த மூன்று மாதத்தில் முடிகிறவர்கள் காத்திருக்காமல் நிறுவனத்திடம் டபிள்யூ.பி.3 பற்றி இப்போதே பேசிவிடுங்கள்.

2021 நவம்பர் மாதம் சேர்த்தது

சி.ஓ.இ. போய்விட்டது. நவம்பர் 1 முதல் அதன் இடத்தில் தாய்லாந்து பாஸ் என்ற இணையப் பதிவு, இன்ஷூரன்ஸ் ஐம்பதாயிரம் டாலராகக் குறைந்தது. தனிமை இல்லாமல் ஓர் இரவோடு விடும் டெஸ்ட் அண்ட் கோ பட்டியலில் 63 நாடுகள், இந்தியா அதில் இல்லை. இரண்டு தடுப்பூசியும் போட்டிருந்தால் குறிப்பிட்ட சுற்றுலாப் பகுதியில் தங்கும் சாண்ட்பாக்ஸ் வழியில் வரலாம், ஏழு இரவு, ஆனால் அறைக்குள் பூட்ட மாட்டார்கள்.

ரொக்கம் தரும் அந்த கொரோனா பாலிசிகள் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? தொற்று ஏறியதும் கிளெய்ம்கள் குவிந்து, ஏஷியா இன்ஷூரன்ஸ் 1950 என்ற கம்பெனியின் உரிமத்தையே அக்டோபரில் ரத்து செய்துவிட்டார்கள். அதில் பாலிசி வைத்திருப்பவர்கள் பொதுக் காப்பீட்டு நிதியத்தில் கிளெய்ம் பதிவு செய்ய வேண்டும், கம்பெனி அலுவலக வாசலில் நின்று பயனில்லை.

ரீ-என்ட்ரி விதி மாறவில்லை. அறிகுறி இல்லாதவர் பற்றிய அந்த மின்னஞ்சலும் இன்னும் தேவைதான், தொகை பாதியானதால் பாலிசியின் கடைசிப் பக்கம் மாறிவிடவில்லை.